இன்ஜினில் கேட்ட ‘டக் டக்’... ஊரெல்லாம் கலந்த ஈயம்!

மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால், சில பைக்குகளின் இன்ஜினிலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியதுபோல இருக்கும். ‘நாக்கிங் அடிக்குது’ என்பார் மெக்கானிக். வண்டியின் இழுவை குறையும். விடாமல் தொடர்ந்தால் பிஸ்டனே பழுதாகும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு கார் தயாரிப்பாளர்களின் தூக்கத்தைக் கெடுத்ததும் இதே சத்தம்தான். அதை நிறுத்த ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பெட்ரோலில் சில சொட்டு கலந்தால் போதும், இன்ஜின் அமைதியாகிவிடும். அந்த மருந்துக்குள் இருந்தது ஈயம். அது மூளையைப் பாதிக்கும் நஞ்சு. காரிலிருந்து புகையாக வெளியேறி, காற்றிலும் மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் கலந்தது. உலகின் கடைசி பங்க்கில் அதன் விற்பனை நின்றது 2021-ல்தான்.

இத்தனைக்கும், ஆபத்து குறைந்த இன்னொரு மருந்து முதல் நாளிலிருந்தே அவர்களுக்குத் தெரியும்.

சரவெடியும் சிலிண்டரும்

பெட்ரோல் இன்ஜினுக்குள் நடப்பது வெடிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே நடக்க வேண்டியது வேகமான, ஆனால் ஒழுங்கான எரிதல்.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் நுழைகிறது. பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்குகிறது. உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. பிளக்கின் அருகே பற்றும் தீ, சிலிண்டரின் மறு ஓரம் வரை பரவுகிறது. எல்லாம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தச் சீரான அழுத்தம்தான் பிஸ்டனைக் கீழே தள்ளி வண்டியை ஓட்டுகிறது.

தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியில் வைத்த நெருப்பு, ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். பாதி சரம் வெடிக்கும்போதே, மீதிச் சரம் மொத்தமாகப் பற்றிக்கொண்டு ‘டமார்’ என்று வெடித்தால் என்ன ஆகும்? நாக்கிங் என்பது அதுதான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடேறும். சிலிண்டரில் முதலில் எரிந்த பகுதி விரிவடைந்து, இன்னும் எரியாமல் ஓரத்தில் காத்திருக்கும் கலவையை மேலும் நெருக்குகிறது. அந்த மீதிக் கலவை கொதித்து, தீ தன்னை வந்து தொடும் முன்பே தானாகப் பற்றிக்கொள்கிறது. அந்த வேகத்தில் எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி எதிரொலிக்கின்றன. நம் காதில் விழும் ‘டக் டக்’ அந்த மோதல்தான்.

உலோகச் சுவரை ஒட்டி எப்போதும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று இருக்கும். எரியும் வெப்பம் உலோகத்தை நேரடியாகத் தாக்காமல் காப்பது அந்தப் படலம்தான். நாக்கிங் அதைக் கலைத்துவிடும். வெப்பம் நேரே பிஸ்டனில் இறங்க, அதன் மேற்பரப்பு அரிக்கப்பட்டு, கடைசியில் ஓட்டைகூட விழலாம்.

பழி சுமந்த கண்டுபிடிப்பாளர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேடன் நகரம். அங்கே சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் புகழின் உச்சியில் இருந்தார். காரைக் கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் தொல்லையை ஒழித்த செல்ஃப் ஸ்டார்ட்டர் அவருடையது. 1912 காடிலாக் காரில் வந்தது. கூடவே, அவருடைய பேட்டரி இக்னிஷன் முறையால்தான் இன்ஜின் தட்டுகிறது என்ற பழியும் வந்தது.

தட்டலுக்குக் காரணம் பற்றவைப்பு அல்ல, எரிபொருள்தான் என்று கெட்டரிங் சந்தேகப்பட்டார். 1916-ல் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். மிட்ஜ்லி படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். வேதியியல் அவருக்குப் புதிது.

இதில் பணமும் இருந்தது. கலவையை எந்த அளவுக்கு நெருக்கி எரிக்கிறோமோ, அந்த அளவுக்கு ஒரே லிட்டர் பெட்ரோலில் கூடுதல் வேலை வாங்கலாம். ஆனால், நெருக்கினால் தட்டுகிறது. அதனால்தான் ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கார், கலவையைச் சுமார் நான்கில் ஒரு பங்காக மட்டுமே நெருக்கியது. இன்றைய பெட்ரோல் கார்கள் பத்தில் ஒரு பங்காக நெருக்குவது சாதாரணம். இடையில் சுவராக நின்றது நாக்கிங்.

மிட்ஜ்லி சிலிண்டரில் ஜன்னல் அமைத்து, எரிவதைப் படம்பிடித்தார். பொறி விழுந்து, தீ பரவத் தொடங்கிய பிறகுதான் தட்டல் நிகழ்கிறது என்பது உறுதியானது. கெட்டரிங் இக்னிஷன் மீது சுமத்தப்பட்ட பழி நீங்கியது.

மருந்துக்கான தேடல் ஒரு வேடிக்கையான யோசனையில் தொடங்கியது. குளிர் விலகும் முன்பே பூக்கும் ஒரு செடியின் இலைகள் சிவப்பாக இருக்கும். சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் அது முந்திப் பூக்கிறதோ? அப்படியானால் எரிபொருளுக்கும் சிவப்பு நிறம் ஏற்றினால்? கையில் சிவப்புச் சாயம் இல்லை. இருந்த அயோடினைக் கலந்து பார்த்தார் மிட்ஜ்லி. தட்டல் குறைந்தது! பிறகு அசல் சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து கலந்தால், ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் தட்டலுக்கும் தொடர்பே இல்லை. ஆனால், எரிபொருளில் எதையாவது கலந்து தட்டலை அடக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது.

அயோடின் விலை அதிகம், உலோகத்தையும் அரித்தது. அனிலின் முயன்றார்கள். செலினியம், டெலூரியம் முயன்றார்கள். டெலூரியத்தின் பூண்டு நாற்றம் ஆராய்ச்சியாளர்களின் உடம்பைவிட்டே போகவில்லை. தனிம அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நகர்ந்து, 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சோதித்தார்கள். சோதனை இன்ஜின் சட்டென்று அமைதியானது. ஆயிரம் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை.

பெயரில் மறைந்த ஈயம்

தட்டலை அடக்க ஆல்கஹாலும் உதவும் என்பது மிட்ஜ்லிக்கும் கெட்டரிங்குக்கும் நன்றாகத் தெரியும். பெட்ரோலில் எத்தனால் கலந்து ஓட்டிப் பார்த்தவர்கள்தான் இருவரும். சோளத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ காய்ச்சி எடுக்கலாம். தடையின்றி எரியும், ஈயம்போல எந்த நஞ்சையும் எச்சமாக விட்டுச்செல்லாது.

பிறகு ஏன் ஈயம்? எத்தனால் என்றால் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று நிறையக் கலக்க வேண்டும். அத்தனை பங்கு பெட்ரோல் விற்பனை குறையும். மேலும், எத்தனாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை வாங்கித் தனி உரிமை கொண்டாட முடியாது. ஈயச் சேர்மமோ, ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சுமார் 3 கிராம் போதும். கலக்கும் முறைக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

1923 பிப்ரவரியில் டேடனில் முதல் விற்பனை தொடங்கியது. ‘எத்தில்’ என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை.

ஈயம் நஞ்சு என்பது அன்று யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. ரோமானியர் காலத்திலேயே அதன் தீமை பதிவாகியிருக்கிறது. விற்பனை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மிட்ஜ்லியே ஈயப் பாதிப்பால் ஓய்வுக்குப் போக வேண்டியிருந்தது.

1924 அக்டோபரில் விபரீதம் வெளியே வந்தது. நியூஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பேவே ஆலையில், இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குப் புத்தி பேதலித்தது. 5 பேர் இறந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாநிலத்தின் டூபான்ட் ஆலையிலும் தொழிலாளர்கள் இல்லாத பூச்சிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கே ‘பட்டாம்பூச்சி வீடு’ என்று பெயர் வந்துவிட்டது.

அந்த மாதம் 30-ம் தேதி பத்திரிகையாளர்களைக் கூட்டிய மிட்ஜ்லி, அவர்கள் கண் முன்பே அந்தத் திரவத்தில் கையைக் கழுவினார். ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். இதைத் தினமும் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறை ஒரு கூட்டம் கூட்டியது. தொழிற்சாலை நோய்களில் நிபுணரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தை இப்படிப் பரப்புவது ஆபத்து என்று எதிர்த்தார். விற்பனை சில மாதங்கள் நின்றது. ஆய்வுக் குழு 1926 ஜனவரியில், தடை செய்யப் போதிய காரணம் கிடைக்கவில்லை என்றது. ஆனால், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கண்காணிப்பு, பெரும்பாலும் அந்தத் தொழில்துறையே பணம் கொடுத்து நடத்திய ஆராய்ச்சிகளோடு நின்றுவிட்டது.

பூமியின் வயதைத் தேடியவர் கண்ட உண்மை

ஈயம் தட்டலை எப்படி அடக்கியது? கலவை தானாகப் பற்றுவதற்கு முன்பு, அதற்குள் வேதிவினைகள் சங்கிலிபோலத் தொடரும். சேர்மம் சிதைந்து உருவாகும் ஈய ஆக்ஸைடு துகள்கள், அந்தச் சங்கிலியின் கண்ணிகளை அறுத்துவிடும். வேலை முடிந்த ஈயம் இன்ஜினுக்குள் படிந்தால் வால்வும் பிளக்கும் கெடும். அதைத் தவிர்க்க, புரோமின் சேர்ந்த ஒரு பொருளையும் பெட்ரோலில் கலந்தார்கள். ஈயம் அதனுடன் சேர்ந்து ஆவியாகி, சைலன்சர் வழியாக வெளியே போனது. இன்ஜின் சுத்தமானது, தெரு அசுத்தமானது.

தெருவில் சேர்ந்த ஈயத்தைக் கண்டுபிடித்தவர் காரையே ஆராயவில்லை. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணிக்க முயன்றார். ஒவ்வொரு முறையும் கணக்கு குழம்பியது. காற்றில், தூசியில், சோதனைக் குடுவையில் என எங்கும் ஈயம். தரையைத் தேய்த்துக் கழுவி, காற்றை வடிகட்டி, தூசியே நுழையாத ஆய்வகத்தை உருவாக்க வேண்டியதாயிற்று. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-ல் அவர் வெளியிட்ட கணக்குதான் இன்றும் ஏற்கப்படுகிறது.

இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. மனிதர்களின் உடலிலும் சூழலிலும் உள்ள ஈயம் இயற்கையானது அல்ல என்று 1965-ல் எழுதினார். எண்ணெய்த் துறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி நிதி நின்றது. கிரீன்லாந்தின் பழைய பனியை வெட்டி எடுத்து, அவரும் சக விஞ்ஞானிகளும் அளந்தார்கள். ஆண்டாண்டாகப் படிந்த பனி ஒரு டைரிபோல இருந்தது. 1940-க்குப் பிந்தைய அடுக்குகளில் ஈயம் செங்குத்தாக ஏறியிருந்தது.

1979-ல் டாக்டர் ஹெர்பர்ட் நீடில்மேன், பள்ளிக் குழந்தைகளுக்கு விழுந்த பால் பற்களைச் சேகரித்து அளந்தார். பல்லில் ஈயம் அதிகமுள்ள குழந்தைகள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். வகுப்பில் அவர்களால் கவனம் செலுத்த முடியவில்லை. அந்தக் குழந்தைகள் யாரும் நோயாளிகள் அல்ல. வழக்கம்போலப் பள்ளிக்குப் போய்வந்தவர்கள். ஈயத்தின் தீமை ஆலைத் தொழிலாளியோடு நிற்கவில்லை என்பது அப்போது தெளிவானது. ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

விடைபெற்ற நஞ்சு

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. ஈயம் பட்டால் அது செயலிழந்துவிடும். உடல்நலக் கவலையோடு இந்தத் தொழில்நுட்பக் கட்டாயமும் சேர்ந்துகொள்ள, பெட்ரோலில் ஈயத்தின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பெட்ரோலில் குறையக் குறைய, மக்களின் ரத்தத்திலும் கூடவே குறைந்தது. 1996-ல் அங்கு சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முழுதாகத் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களில் கன்வெர்ட்டர் பொருத்திய புதிய கார்களுக்காக ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ‘அன்லெடட்’ என்று பங்க்குகளில் எழுதியிருந்த பலகை நினைவிருக்கிறதா? அதன் பொருள் இதுதான். கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. இந்த மாற்றத்தால் ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது.

மிட்ஜ்லி இதையெல்லாம் பார்க்கவில்லை. பிரிட்ஜ்களுக்காக அவர் உருவாக்கிய ஃப்ரியான் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதும் அவர் காலத்துக்குப் பிறகே தெரிந்தது. போலியோவால் நடக்க முடியாமல் போன அவர், படுக்கையிலிருந்து எழக் கயிறும் கப்பியுமாக ஓர் அமைப்பைத் தானே வடிவமைத்தார். 1944-ல் அந்தக் கயிறு கழுத்தில் சிக்கிய நிலையில் இறந்து கிடந்தார்.

இன்று தட்டலை அடக்குவது எது?

பெட்ரோலின் தட்டல் தாங்கும் திறனுக்குப் பெயர்தான் ஆக்டேன் எண். 1920-களின் பிற்பகுதியில் வந்த அளவுகோல் இது. ஹெப்டேன் என்ற பொருளின் மூலக்கூறு நேரான சங்கிலி. எளிதில் உடைந்து தட்டும். அதற்கு 0 மதிப்பெண். ஐசோ ஆக்டேன் கிளைவிட்ட மூலக்கூறு, சூட்டைத் தாங்கும். அதற்கு 100. உங்கள் பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படித் தாங்குமோ, அப்படித் தாங்கும் என்று பொருள்.

இப்போது சுத்திகரிப்பு ஆலைகள், மூலக்கூறுகளையே மாற்றி அமைத்து ஆக்டேனை உயர்த்துகின்றன. இன்னொரு வழி, 1920-களில் ஒதுக்கப்பட்ட அதே எத்தனால். இந்தியாவில் இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கப்படுகிறது. கரும்பும் தானியங்களும் அதற்கு மூலப்பொருள். இதற்கும் குறை உண்டு. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் கவனிக்க வேண்டும். ஆனால், எத்தனாலால் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறாது.

நவீன கார்களில் இன்ஜினிலேயே ‘நாக் சென்சார்’ என்ற சிறு கருவி இருக்கிறது. தட்டலின் அதிர்வை உணர்ந்ததும், கம்ப்யூட்டர் பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஓட்டுபவருக்கே தெரியாமல் தட்டல் அடங்கிவிடும்.

உங்கள் வண்டியில் தட்டல் கேட்டால்...

* முதலில் கியரைக் குறையுங்கள். குறைந்த வேகத்தில் பெரிய கியரில் இழுப்பதுதான் தட்டலுக்குப் பொதுவான காரணம்.

* இன்ஜின் அதிகம் சூடாகிறதா? கூலன்ட் அளவு, ரேடியேட்டர், இன்ஜின் ஆயில் மூன்றையும் பாருங்கள். சூடு கூடினால் தட்டலும் கூடும்.

* பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் கார்பன் படிந்திருக்கலாம். அது சிலிண்டரில் இடத்தைக் குறைத்து, கலவையை மேலும் நெருக்கும். கங்குபோலக் கனன்று, பொறி விழும் முன்பே பற்றவைத்தும் விடலாம். மெக்கானிக்கிடம் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

* தவறான ஸ்பார்க் பிளக், முன்கூட்டி வைக்கப்பட்ட இக்னிஷன் டைமிங், பெட்ரோல் போதாத கலவை ஆகியவையும் காரணமாகலாம்.

* ஓனர்ஸ் மேனுவலில் சொன்ன ஆக்டேனைப் பின்பற்றுங்கள். அதற்கு மேல் விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் வண்டி பறக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அல்ல, தட்டலைத் தாங்கும் அளவு. தட்டாத, சாதாரண இன்ஜினுக்கு அது வீண் செலவு.

* இன்ஜின் ஆயில் குறைந்து பேரிங் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதேபோல் சத்தம் வரும். கியரைக் குறைத்தும் சத்தம் நிற்கவில்லை என்றால், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

ஈயத்தின் கதை இன்னும் முழுதாக முடியவில்லை. பிஸ்டன் இன்ஜினில் பறக்கும் சிறிய ரக விமானங்கள் பல, இன்றும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் ஓடுகின்றன; மாற்று எரிபொருள்கள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கின்றன. ஈயம் மக்காது, அழியாது என்பதால், பரபரப்பான பழைய சாலைகளின் ஓரத்து மண்ணில் அந்தக் காலத்துப் படிவு இன்னும் கிடக்கிறது. அங்கே மண்ணில் விளையாடிவிட்டு வரும் குழந்தைகள், சாப்பிடும் முன்பு சோப்பு போட்டுக் கை கழுவினால் அந்த மண் அவர்கள் வாய்க்குள் போகாது.